டப்பாவைத் தேடு... பாதையை வரை!

மதுரை கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துக்குப் படியேற வேண்டும். செட்டிப்புடவுக்கோ மலையைச் சுற்றிப் போக வேண்டும். நடந்து பார்த்தவர்களுக்குத்தான் இது தெரியும்.

அப்படி நடந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்க்க ஒரு வரைபடம் இருக்கிறது: 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்'. யாரும் வரையலாம், இலவசம்.

இதற்குக் கைகொடுப்பவர்களில் 'ஜியோகேச்சிங்' ஆட்டக்காரர்களும் உண்டு. ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவை மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடும் இந்தப் புதையல் வேட்டை, 2000 மே மாதம் அமெரிக்காவில் பிறந்தது. டப்பாவுக்குள் தங்கமெல்லாம் இருக்காது. கையெழுத்துப் போட ஒரு நோட்டுதான்! ஆனால், ரோட்டை விட்டு இறங்கி நடந்த தடம் போனில் பதிவாகிறதே... அதை வைத்து ஒற்றையடிப் பாதைகளை வரைபடத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

2015 சென்னை வெள்ளத்தின்போது தண்ணீர் நின்ற தெருக்களை மக்கள் குறித்ததும் இதே வரைபடத்தின் மேல்தான்.

உங்கள் ஊர்க் கண்மாய்க்கரைப் பாதையை நீங்களும் சேர்க்கலாம். கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பியடிக்க மட்டும் அனுமதி இல்லை.