வயிற்றுக்குள் ஒரு வாட்ச்மேன்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். எட்டு வயது மகள், இரண்டு வருடம் முன்பு இறால் தொக்கு சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி. இறாலை விட்டது சரி. இப்போது மீனும் வேண்டாமாம். வாசனை வந்தாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாளாம். "இது அலர்ஜியா, அடமா?"

அடம் என்று தீர்ப்புச் சொல்லும் முன் சுண்டெலியைக் கொஞ்சம் பார்ப்போம். 2023-ல் 'நேச்சர்' இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று அமெரிக்காவின் யேலிலிருந்து, இன்னொன்று ஜெர்மனியின் ஹைடல்பெர்கிலிருந்து. எலிகளுக்கு முட்டை வெள்ளைக்கருவின் புரதத்துக்கு ஒவ்வாமை உண்டாக்கி, இரண்டு பாட்டில் வைத்தார்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் வெள்ளைக்கரு கலந்தது. சாதாரண எலிகள் வெள்ளைக்கருவைத்தான் விரும்பின. ஒவ்வாமை எலிகள் ருசித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன.

குடல் சுவரில் மாஸ்ட் செல் என்றொரு வாட்ச்மேன் இருக்கிறார். அவர் கையில் திருடனின் போட்டோ, அதுதான் ஐஜிஇ என்ற ஆன்டிபாடி. அந்த முகம் கேட்டில் தெரிந்தால் விசில், அமளி, தடிப்பு. இது தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது, மேல்மாடியில் இருக்கும் செகரட்டரிக்கு, அதாவது மூளைக்கு, அவர் தகவல் அனுப்பும் விதம். லூகோட்ரீன் என்ற ரசாயனத்தை அவிழ்த்துவிடுகிறார். ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறி, மூளைத்தண்டில் குமட்டலை ஆளும் இடத்தின் கதவைத் தட்டுகிறது. மசக்கையிலும் இதே ஹார்மோனுக்குப் பங்குண்டு! போட்டோவே இல்லாத எலிகள், வாட்ச்மேனே இல்லாத எலிகள் வெள்ளைக்கருவை ஒதுக்கவில்லை. மாடிக்குப் போகும் இந்தப் புகார்க் கடிதத்தைப் பாதி வழியில் மடக்கினாலும் வெறுப்பு குறைந்தது. போட்டோ வாட்ச்மேன் கைக்குப் போகாமல் தடுக்கும் ஊசியும் உண்டு: ஓமலிசுமாப்.

நோகவைத்த ருசியை உடம்பு வெறுக்கும் கதைக்கு வரலாறும் சொல்லியாக வேண்டுமா? 1955-ல் ஜான் கார்சியா, சாக்கரின் தண்ணீர் குடித்த எலிகளைக் கதிர்வீச்சால் நோகவைத்து, பிறகு அவை இனிப்பையே வெறுப்பதைக் காட்டினார். சக விஞ்ஞானிகள் பல வருடம் நம்பவில்லை. போதும்.

அதற்காக, ஒவ்வாமையின் ரகசியம் உடைந்துவிட்டது என்று துள்ள வேண்டாம். இறாலில் வழக்கமாக வம்பு செய்யும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் நண்டிலும் இருக்கிறது. போட்டோவில் இரண்டும் ஒரே ஜாடை. மீனில் வம்பு செய்வது பெரும்பாலும் வேறு புரதம். ஆகவே மீனை ஒதுக்கச் சொன்னவர் வாட்ச்மேன் இல்லாமல் இருக்கலாம். அந்த ராத்திரி அம்மாவின் முகத்தைப் பார்த்த குழந்தை அது. பயத்திலும் நெஞ்சு படபடக்கும், வயிறு பிசையும், தொண்டை அடைக்கும். மறுபடி அலர்ஜி வந்துவிட்டதா, பயம்தானா என்று எட்டு வயதில் பிரித்துப் பார்ப்பது எப்படி?

இந்தக் குழப்பத்தில்தான் சிலர் கடை விரிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்கப்படும், ஐஜிஜி என்ற வேறொரு ஆன்டிபாடியின் பட்டியல், குழந்தை எதையெல்லாம் சாப்பிட்டிருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லும், ஒவ்வாமையைச் சொல்லாது. பயந்த குழந்தையின் தட்டிலிருந்து இன்னும் பத்து பண்டம் குறைவதுதான் மிச்சம்.

அம்மா, மீனையோ இறாலையோ வீட்டில் ஊட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வாமை மருத்துவர் முன்னால், அட்ரினலின் ஊசியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, துளித்துளியாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. மீனிலிருந்து தொடங்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். அவள் பயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.