தொண்டர்க்குச் செய்யும் சிறப்பு

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களிற் குடியேறிய நாம், சென்ற இடமெல்லாம் சங்கம் அமைத்து வாழ்கிறோம். அந்நாளைய பம்பாயில், மாதுங்காவில், 1932-ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கமும், 1950-இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் தோன்றின. இவற்றைப் போலப் பெரும் பெயர் பெறாத சிறு சங்கங்களும் ஊர்தோறும் உள்ளன. ஏழை மாணவர்க்கு நூல் வாங்கித் தருதல், நோயுற்றவரை மருத்துவமனையிற் சேர்த்து உடனிருத்தல், உற்றார் அருகில் இல்லாத வீட்டில் இறப்பு நேர்ந்தால் முன்னின்று ஆவன செய்தல் ஆகிய அறப்பணிகளை அவை ஆற்றுகின்றன.

இப்பணிகள் யாரால் நடைபெறுகின்றன? ஆண்டு விழா மேடையை மட்டும் காண்பவர், பெருந்தொகை ஈந்தவராலும் தலைமை தாங்க வந்தவராலும் நடைபெறுவதாகவே எண்ணுவர். பொன்னாடை அவர்களுக்கே போர்த்தப்படுகிறது. மாதந்தோறும் மாடிப்படி ஏறி இறங்கிச் சந்தா திரட்டியவரும், பந்தியில் இலை போட்டவரும், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவரும், 'மற்றும் உழைத்த அனைவருக்கும் நன்றி' என்னும் ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகின்றனர்.

தொண்டு புகழை நாடலாமா என்று சிலர் வினவுவர். அவ்வினா பொருளுடையதே. அமிர்தசரசுப் பொற்கோயிலிலும், தில்லியில் பங்களா சாகிப் குருத்வாராவிலும், வருவோரின் காலணிகளை வாங்கித் துடைத்து வைப்போரையும், பொது அடுக்களையில் ரொட்டி தேய்ப்போரையும் நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அவர்களுள் செல்வரும் உளர். உயர் பதவியில் இருப்போரும் உளர். தம் பெயரை அங்கு எவரும் சொல்லிக்கொள்வதில்லை. பெயரை மறந்து உழைப்பது தொண்டர்க்குப் பெருமை. ஆனால் அவர் பெயரை நாமும் மறந்துவிடலாம் என்பது அதற்குப் பொருளன்று. வள்ளுவர் செய்ந்நன்றியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வறம் உதவி பெற்றவர்க்கு உரியது.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன், தன் 26-ஆம் ஆட்சியாண்டில் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவற்றோடு, தமக்கை குந்தவையார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் சேர்த்தே கல்லில் வெட்டுக என்பது அவ்வாணை. தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயரும், ஒவ்வொருவரும் குடியிருந்த தெருவும் வீட்டு வரிசையும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் ஆண்டுக்கு 100 கலம் நெல் ஊதியமாகப் பெற்றவர்களே. எனினும், ஊதியம் கொடுத்தாயிற்று, பெயர் எதற்கு என்று மன்னன் கருதவில்லை. ஓர் அறநிலையம் யார் யாரால் நின்றதோ அவர்கள் அனைவரையும் குறிப்பது அதன் கணக்கில் ஒரு பகுதி என்பதை அக்கற்கள் இன்றும் காட்டுகின்றன.

மராட்டிய நாட்டிலிருந்து மற்றொரு சான்றைக் காண்போம். 1919-ஆம் ஆண்டில் சாத்தாரா மாவட்டத்துக் காலே என்னும் சிற்றூரில் பாவுராவ் பாட்டீல் 'ரயத் சிட்சண சன்சுதா' என்ற கல்வி நிலையத்தைத் தொடங்கினார். பல சாதி மாணவர்களும் ஒன்றாகத் தங்கி ஒன்றாக உண்ணும் விடுதியைச் சாத்தாராவில் நடத்தினார். விடுதிப் பிள்ளைகளின் உணவுக்காக அவர் மனைவி இலட்சுமிபாய் தம் நகைகளையும், இறுதியில் மங்கல நாணையும் விற்க நேர்ந்தது. சிற்றூர்ப் பெண்டிர் நாள்தோறும் தம் வீட்டுத் தானியத்தில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்து இந்நிலையத்திற்கு வழங்கினர். நம் நாட்டுப் பிடியரிசி முறையை ஒத்தது இது. 1959-இல் பாவுராவுக்குப் பத்மபூசண் விருது கிடைத்தது. கைப்பிடித் தானியம் தந்த பெண்டிர்க்கு விருது ஏதும் இல்லை. ஆயினும் ரயத் என்ற சொல்லுக்குக் குடியானவர் என்பது பொருள். கொடுத்தவர்களின் பெயரையே அந்நிலையம் தன் பெயராகத் தாங்கி நிற்கிறது.

நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவதாக, நன்றியைப் பெயரோடும் செயலோடும் கூறவேண்டும். 'சிறந்த சேவை புரிந்தார்' என்பது எவருக்கும் பொருந்தும். 'வெள்ளம் வந்தபோது மூன்று நாள் சமையற்கூடத்தைக் கவனித்தார்' என்பது அவர் ஒருவருக்கே பொருந்தும். இதற்கு ஆண்டு முழுவதும் ஓர் ஏட்டில் குறித்து வருதல் இன்றியமையாதது. விழாவுக்கு முதல் நாள் நினைவுகூர்ந்தால் பாதிப் பெயர்கள் விடுபடும். வீட்டிலிருந்தே சமைத்து அனுப்பிய பெண்டிரின் பெயர் கணவர் பெயருக்குள் மறைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, நம்மோடு துணைநிற்கும் அவ்வூர் மக்களை மறத்தலாகாது. கடனுக்கு மளிகை தரும் வணிகர், ஞாயிறுதோறும் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடும் காவலர், நள்ளிரவில் நோயாளிக்காக வண்டி கொணரும் ஓட்டுநர் ஆகியோருட் பலர் தமிழறியாதவர். அவர்களுக்குரிய பாராட்டுரையை அவர்கள் மொழியில் எழுதிப் படிக்கவேண்டும். தமிழில் மட்டும் படித்தால் மாலையின் கனமன்றி வேறொன்றும் அவர்களுக்கு விளங்காது. நாம் அயலாராக வந்த ஊரில் நமக்குக் கைகொடுத்தவர் இவர்களே.

மூன்றாவதாக, கணக்கைப் பொதுவில் வைக்கவேண்டும். பத்து ரூபாய் தந்தவருக்கும் பதினாயிரம் தந்தவருக்கும் ஒரே வகை ரசீது தருக. வரவு செலவை இருவர் முன்னும் படித்துக் காட்டுக. தான் கொடுத்த பொருள் எங்குச் சென்றது என்று அறிவதைவிடக் கொடுத்தவர்க்குப் பெரிய மரியாதை இல்லை. ஆனால் உதவி பெற்றவர்களை மேடையேற்றி நன்றி கூறச் செய்தல் ஆகாது. அவர்தம் மானமும் நம் பொறுப்பிலேயே உள்ளது.

நான்காவதாக, தொண்டரின் சுமையைக் குறைக்கவேண்டும். ஒருவர் நன்கு உழைக்கிறார் என்று கண்டால் எல்லா வேலையையும் அவர் தலையிலேயே ஏற்றிவிடுவது நம் வழக்கம். அவருக்கு ஓர் இளைஞரைத் துணையாக அமர்த்துக. அவர் கைக்காசு இட்ட பேருந்துக் கட்டணத்தை அவர் கேட்கக் கூசுவார். சங்கமே கேட்டுக் கொடுக்கட்டும். முடிவு செய்யும் குழுவிலும் அவருக்கு இடம் வேண்டும்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985-ஆம் ஆண்டில் டிசம்பர் 5-ஆம் நாளைத் தன்னார்வத் தொண்டர் நாளாக அறிவித்தது. பொங்கல் விழாவில் நேரம் போதாத சங்கங்கள் அந்நாளை இதற்கெனக் கொள்ளலாம்.

இவையெல்லாம் வெறும் சடங்குகள் அல்ல. சங்கங்கள் பணமின்மையால் நலிவதைவிட ஆளின்மையால் நலிவதே மிகுதி. உழைத்த தந்தையின் பெயரை ஒருமுறையேனும் அவையிற் கேளாத பிள்ளை, வளர்ந்தபின் அச்சங்கத்தின் வாயிலை மிதிப்பதரிது. அவன் வாராத நாளில், நம் தெருவில் ஒருவர் நள்ளிரவில் நோயுற்றால் கதவைத் தட்டுதற்குரிய வீடு ஒன்று குறையும். ஆதலின் அடுத்த விழாவுக்குக் காத்திராமல், ஓர் ஏட்டை இப்பொழுதே எடுத்து, சென்ற ஆண்டில் நமக்காக நடந்தவர், சமைத்தவர், விழித்திருந்தவர் பெயர்களை எழுதத் தொடங்குவோமாக.