லாட் வீட்டுச் சிரிப்பு மேடையேறிய கதை

பேராக்கில், கோப்பேங் பக்கத்துக் கம்பத்து வீடொன்றின் கதைதான். ஆனால் ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ தோட்டத்தில் வளர்ந்தவர் கையில் அதைச் சொல்லும் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள், ரெண்டாவது பக்கத்திலேயே ‘அட, இது எங்க அப்பா!’ என்பார்!

1951இல் பிறந்த முகமது நோர் காலிட், அதாவது நம் கார்ட்டூனிஸ்ட் லாட், 1979இல் ‘கம்போங் பாய்’ புத்தகத்தைக் கொண்டுவந்தார். படமும் எழுத்தும் எல்லாம் அவர் கைப்பட. நாலே மாதத்தில் 60,000 பிரதிகளுக்கு மேல் பறந்தன. பரட்டைத் தலைப் பொடியன், கண்டிப்பான அம்மா, ஊரையே சிரிக்க வைக்கும் அப்பா. அவ்வளவுதான் ஆட்கள்!

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. பொடியன் கூட்டாளிகளோடு சேர்ந்து திருட்டுத்தனமாக ஈயம் அலசக் கற்றுக்கொள்கிறான். அப்பா மெச்சிக்கொள்வார் என்று ஆசையாக எடுத்துக்கொண்டு போய் நீட்டுகிறான். கிடைத்தது துரத்தல்தான்! படிப்பை விட்டுவிட்டு இது என்ன வேலை என்ற கோபம் அவருக்கு. கதையின் ஓரத்தில் ராட்சசன் மாதிரி ஈயம் தோண்டும் கப்பல் ஒன்று நிற்கும். பத்தாங் பெர்ஜுந்தாய்க்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். அதே ஊரான இன்றைய பெஸ்தாரி ஜெயாவில் கப்பல் தோண்டிய குளங்கள் இன்னும் கிடக்கின்றன.

இனி திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம், வாங்க! 1990களில் ‘கம்போங் பாய்’ கதையை 26 பாகத் தொலைக்காட்சிக் கார்ட்டூனாக எடுத்தார்கள். கறுப்பு மையில் பிறந்த பையனுக்குக் கலர் பூசினார்கள். அதோடு விட்டார்களா? அவனை 1950களிலிருந்து தூக்கி, ஷாப்பிங் மால் இருக்கும் காலத்தில் இறக்கிவிட்டார்கள்! கம்பத்து வாழ்க்கையும் நவீன வாழ்க்கையும் முட்டிக்கொள்வதுதான் தொடரின் வேடிக்கையே. பெரிய ஆலமரமும் பயமுமாகப் போகும் ‘ஓ! தோக்’ பாகம், 1999இல் பிரான்சின் அன்னசி அனிமேஷன் விழாவில் பரிசு வாங்கியது. கம்பத்துப் பேய்க்கதைக்குப் பிரெஞ்சு மண்ணில் கைதட்டல்!

அடுத்ததைச் சொல்லும்போது எனக்கே புல்லரிக்கிறது. 2011இல் லாட்டின் கோடுகளை மூன்று சிறு அனிமேஷன் படங்களாக்கி, பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் திரையிட்டார்கள். இசை ரெக்கார்டு இல்லை, எதிரே மலேசியன் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா நேரடியாக வாசித்தது. இசையமைத்துத் தானே நடத்தியவர் கார்ல் டேவிஸ்; ஆபெல் கான்ஸின் ‘நெப்போலியன்’ என்ற மௌனப் படத்துக்கு 1980இல் புது இசை தந்த அதே மனிதர். இந்த வேலையின் சிக்கலை யோசித்துப் பாருங்கள். படம் யாருக்காகவும் நிற்காது. ஒரு நொடி பிந்தினால், பொடியன் விழுந்து எழுந்த பிறகுதான் மேளம் ‘டம்’ என்னும், சிரிப்பு செத்துவிடும்! அந்த மூன்று படங்களில் ஒன்று கல்யாணம், ஒன்று காப்பிக்கடை, இன்னொன்று எதைப் பற்றித் தெரியுமா? ரப்பர் தோட்டமும் ஈயச் சுரங்கமும்! வயலினும் செலோவும் வாசிக்க, நம் பால் காடு திரையில்!

அதே 2011இல் இஸ்தானா புடாயாவிலும் கொண்டாட்டம். ஹான்ஸ் ஐசக் முன்னின்று மேடையேற்றிய ‘கம்போங் பாய்’ இசை நாடகத்தில், பெரியவனான லாட்டாக வந்தவர் ராக் பாடகர் அவி.

எல்லா வடிவத்திலும் கதையைத் தாங்கிப் பிடிப்பது அந்த வீட்டு மனிதர்கள்தான் என்பேன். காலம் மாறட்டும், கலர் ஏறட்டும், அந்த அப்பா சரியாக அமைந்தால் போதும். நம்மிடம் அப்படிப்பட்டவர்கள் இல்லையா? தீபக் குமாரன் மேனன் தன் அம்மாவின் தோட்டத்து நினைவுகளிலிருந்துதான் 2005இல் ‘செம்மண் சாலை’ படத்தை எடுத்தார். அதற்கு வெகுநாள் முன்பே, நம் தெனமராம் தோட்டத்தில் 1917இல் எண்ணெய்ப் பனை நட்ட தோட்டத் துரை ஹென்ரி போக்கொனியே, மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கிவிட்டார். துரை எழுதியாயிற்று. இனி லயத்து வீடுகள் எழுத வேண்டும்!

பெரட்டுக்களத்தில் தண்டலையே சிரிக்க வைத்த தாத்தாவோ, பால் வாளியோடு பாட்டுக்கட்டிய அத்தையோ உங்கள் வீட்டில் இருந்திருந்தால், இந்தத் தீபாவளிக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத ஆரம்பித்துவிடுங்கள். பக்கத்தில் படம் வரையும் பிள்ளை இருந்தால் அதையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.