தேமலும் ஒரு வார்த்தையும்

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். முழங்கைக்கு மேலே வெளிறிய தேமல். அரிப்பில்லை, வலியில்லை. தொட்டால் உணர்ச்சி இருக்கா இல்லையா என்று அவளுக்கே உறுதியாகத் தெரியவில்லை. டாக்டர் மரத்துப் போட்டு, சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை வட்டமாக எடுத்து ஃபார்மலினில் போட்டு அனுப்புகிறார். கூடவே ஒரு படிவம்: வயசு, பாலினம், "ஹான்சன்?". அவ்வளவுதான். ஹான்சன் என்றால் தொழுநோய்.

இந்தச் சதையை வாங்குகிறவர்தான் தோல் நோய்க்குறியியல் நிபுணர், டெர்மடோபதாலஜிஸ்ட். அந்தப் பெண்ணை அவர் பார்க்கப் போவதே இல்லை.

தொழுநோயைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் பயாப்ஸியே தேவைப்படாது. உணர்ச்சியற்ற தேமல், தடித்த நரம்பு, தோல் கீறலில் கிருமி, இதில் ஒன்று நிச்சயமாக இருந்தாலே போதும். அதனால் மைக்ராஸ்கோப்புக்கு வருவது பெரும்பாலும் சந்தேகக் கேஸ்கள்தான். நரம்பைச் சுற்றியும் வியர்வைச் சுரப்பியைச் சுற்றியும் கொஞ்சம் அழற்சி அணுக்கள் தெரியும். ஆரம்ப நிலைத் தொழுநோயாக இருக்கலாம், வேறு ஏதோ சாதாரண அழற்சியாகவும் இருக்கலாம். கிருமியைத் தேட ஃபைட் என்றொரு சாயம் உண்டு. காசநோய்க் கிருமிக்குப் போடும் வழக்கமான சாயம் இதில் எளிதில் கழுவிப் போய்விடும். எனவே மெழுகை நீக்கும்போதே எண்ணெய் சேர்த்துக் கிருமியின் மேலுறையைக் காப்பாற்றுகிறார்கள். எந்த எண்ணெய் தெரியுமா? கடலை எண்ணெய்! நம்ம காட்டில் விளைகிறதேதான். ஆனால் ஆரம்பக் கட்டத்தில் கிருமி அபூர்வம். எத்தனை ஸ்லைடு பார்த்தாலும் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம்.

இப்போது என்ன எழுதுவது? "இல்லை" என்று எழுதி, அது தப்பாகிவிட்டால் நரம்பு சேதமாகும். விரல் மடங்கிப் போனால் மாத்திரையால் நிமிராது. "ஆம்" என்று எழுதி, அது தப்பாகிவிட்டால் 6 மாசமோ 12 மாசமோ தேவையில்லாத மருந்து. அதில் க்ளோஃபாசிமின் தோலையே கறுக்க வைக்கும், ஹாஸ்டலில் கூட இருக்கிறவர்கள் கேட்பார்கள். அதற்கு மேல், அந்தப் பெயர்.

பெயரின் கனம் வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. 1955 இந்து திருமணச் சட்டம் "கொடிய, தீராத" தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்தது. எது கொடியது, எது தீராதது? 1973இல் உச்ச நீதிமன்றம் லெப்ரோமட்டஸ் வகை அப்படிப்பட்டதுதான் என்று ஏற்றது. லெப்ரோமட்டஸ் என்பது நிபுணர்கள் நோயை வகைப்படுத்த வைத்த சொல். 1966இல் ரிட்லியும் ஜாப்ளிங்கும் தந்த ஐந்து பிரிவுகளில் ஒரு கோடியில் அது நிற்கிறது. உடம்பின் எதிர்ப்பு எவ்வளவு, கிருமி எவ்வளவு என்று சொல்வதற்கான சொல், கல்யாணத்தை முறிக்கும் சொல்லாகிவிட்டது. ரிப்போர்ட் எழுதுகிறவர் இதை நினைத்துப் பார்த்திருப்பாரா?

1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு "தீராத" என்பதே பொய்யாகிவிட்டது. சட்டம் மாற 2019 ஆனது. அந்த வருஷம்தான் ஐந்து சட்டங்களிலிருந்து இந்தக் காரணத்தை நீக்கினார்கள். இத்தனை வருஷமும் மருத்துவம் ஒன்று சொல்ல, சட்டப் புத்தகம் இன்னொன்று சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்காக நிபுணர் வார்த்தையை மழுப்பலாமா? கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "மருத்துவப் பரிசோதனையோடு பொருத்திப் பார்க்கவும்" என்ற வரியை எல்லா ரிப்போர்ட்டிலும் ஒட்டிவிட்டுப் போவது தற்காப்பு, பதில் இல்லை. எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை, எத்தனை வெட்டுகளில் தேடினேன், அடுத்து என்ன செய்யலாம் என்று எழுதுவதுதான் நேர்மை. டாக்டருக்கு ஒரு போன் போட்டு "உணர்ச்சி சோதிச்சீங்களா சார்?" என்று கேட்பது இன்னும் நல்லது. ஒரு நாளில் குவியும் ஸ்லைடுகளுக்கு நடுவே அதற்கு நேரம் எங்கே என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே என்ற கணக்கில், தேசிய அளவில் தொழுநோயை ஒழித்தாகிவிட்டது என்று அறிவித்தார்கள். புது நோயாளிகள் வருவது அதோடு நின்றுவிடவில்லை. ஆனால் நோய் அபூர்வமாக ஆக, அதைப் பார்த்துப் பழகிய கண்ணும் அபூர்வமாகிறது. செங்கல்பட்டிலும் வேலூர் கரிகிரியிலும் இதற்கென்றே ஆராய்ச்சி மையங்கள் உண்டு.

ரிப்போர்ட்டில் சந்தேகம் என்று வந்தால் பதற வேண்டாம். மெழுகில் பதித்த அந்தச் சதை, 'பிளாக்' என்பார்கள், லேபில் பத்திரமாக இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, தொழுநோய் பார்த்துப் பழகிய இன்னொருவரிடம் காட்டலாம். தோலை மறுபடி வெட்ட வேண்டியதில்லை.