கம்பி அறுந்தால் விளக்கு என்ன சொல்லும்?

பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலேற அரியலூருக்குத்தான் வர வேண்டும். விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் உள்ள அந்த நிலையத்தை மாதிரி ரயில் அமைப்பாக மேசைமேல் கட்ட நினைப்பவருக்கு முதல் சிக்கல் இடம். சுமார் 700 மீட்டர் நீளமுள்ள ஒரு லூப் லைன், 1:87 அளவில் 8 மீட்டர் பிடிக்கும். அடுத்தது அகலம். அந்த 1:87 அளவுக்குக் கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர், நம் அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19-ஐத் தாண்டுகிறது. இவற்றையெல்லாம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சமாளிக்கலாம். கட்டுப்பாட்டுப் பேனலில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பேன்.

பேனல் என்பது ஒரு பலகையில் வரைந்த பாதைப் படம். ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்டை இயக்க ஒரு பொத்தான், பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச், ஒரு எல்இடி. 12 வோல்ட் தந்தால் எல்இடியோடு 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பத்து மில்லி ஆம்பியர்தான் ஓடும், விளக்கு கருகாது. பாயிண்டைத் தள்ளும் காயிலுக்கோ ஒரு நொடி மின்சாரமே போதும். அதற்குமேல் அழுத்திப் பிடித்தால் காயில் எரிந்துவிடும்.

சிவப்பு எல்இடி எரிந்தால் அந்தத் துண்டில் ரயில் நிற்கிறது என்று பொருள். ஆனால் விளக்குக்கு அது எப்படித் தெரிகிறது?

நிஜ ரயில்வேயில் அதற்கான வழிக்கு வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872-ல் காப்புரிமை பெற்றார். மின்சாரம் கடக்காத மூட்டுகளால் தண்டவாளத்தைத் துண்டாக்கி, ஒரு முனையில் சிறு பேட்டரியும் மறுமுனையில் மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ஒரு ரிலேயும் வைத்தார். பாதை காலியாக இருக்கும்வரை மின்சாரம் ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் ஏறியதும் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்து ஷார்ட் ஆக்கிவிடும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். பேட்டரி தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும், தண்டவாளமே முறிந்து விலகினாலும் ரிலே விழத்தான் செய்யும். இத்தகைய கோளாறு எது வந்தாலும் ரயிலை நிறுத்தும் பக்கமே சாயும் இந்த ஏற்பாட்டை மனிதர் கண்டுபிடித்தவற்றில் மிக அழகான ஒன்றாக நான் நினைக்கிறேன்.

மாதிரி ரயிலில் பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர் எதிர். அங்கே இன்ஜினின் மோட்டாரே தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறது. அந்த மின்சாரம் டயோடு வழியே போகும்போது உண்டாகும் 0.7 வோல்ட் வீழ்ச்சியை உணர்ந்து விளக்கு எரிகிறது. மின்சாரம் ஓடினால் ரயில் இருக்கிறது, ஓடாவிட்டால் இல்லை. அதாவது கம்பி அறுந்தால் பேனல் “பாதை காலி” என்று சொல்லிவிடும். இன்ஜினிலிருந்து கழன்று நிற்கும் சிமென்ட் வேகன்களும் கண்ணில் படாது. அதனால்தான் அவற்றின் வழியேயும் சிறிது மின்சாரம் ஓடும்படி வேகன் சக்கரங்களில் பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டரைப் பொருத்துகிறார்கள்.

ராபின்சனின் ஏற்பாடும் எல்லாவற்றையும் அறிந்துவிடாது. 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே பாதையை அரித்திருந்தது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அடிமண் கரைந்த பிறகும் தண்டவாளம் அறாமல் அந்தரத்தில் தொங்கினால் மின்சாரம் அதில் ஓடிக்கொண்டேயிருக்கும், ரிலேயும் விழாது. மழைக்காலத்தில் இன்றும் ஆட்கள் விளக்கோடு பாதையில் ரோந்து நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேசையில் மருதையாற்றுப் பாலம் கட்டுபவர் அதைக் கழற்றக்கூடியதாகச் செய்தால் இரு முனைகளிலும் பித்தளைத் தொடுமுனைகளை வைக்க வேண்டும். பாலத்துக்கு இருபுறமும் இரண்டடிப் பாதையைத் தனித் துண்டுகளாக்கி, அவற்றுக்கான மின்சாரம் அந்தத் தொடுமுனைகள் வழியாக மட்டுமே போகும்படி இணைக்க வேண்டும். அப்போது பாலத்தைக் கழற்றிவைத்தாலும், இணைப்புக் கம்பி அறுந்தாலும், வருகிற இன்ஜின் இரண்டடி முன்னாலேயே நின்றுவிடும்.