தலைக்குச் சரியாக உட்காரும் ஹெல்மெட்



ஹெல்மெட் இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. பைக் வாங்கும்போது கூடவே ஒன்று வந்திருக்கும். சபர் போன மச்சான் கொண்டுவந்தது இன்னொன்று இருக்கும். ஆனால் அவை கிடப்பது பீரோ மேலே, அல்லது பைக்கின் பக்கக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு. ஏன் போடவில்லை என்று கேட்டால் தலை வலிக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, தொப்பி கசங்குகிறது, முக்காடு நழுவுகிறது என்று பதில் வரும். இதையெல்லாம் வெறும் சாக்கு என்று ஒதுக்க முடியாது. அளவு தவறிய ஹெல்மெட் தலையை வலிக்கத்தான் செய்யும். வலிக்கிற பொருளை யாரும் தினமும் போடமாட்டார்கள். ஆகவே வசதியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது சொகுசு அல்ல, பாதுகாப்பில் பாதி அதுதான்.

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் வண்டி ஓட்டியவர்கள் 35,692 பேர். மீதி 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். நம் பக்கம் பைக்கில் பின்னால் உட்காருவது யார்? மனைவி, உம்மா, மதரஸாவுக்குப் போகும் பிள்ளை. ஓட்டுகிறவர் போலீஸுக்குப் பயந்தாவது ஒன்றை மாட்டிக்கொள்கிறார். பின்னால் இருப்பவரின் தலை வெறுமனே போகிறது.

ஹெல்மெட் எப்படிக் காப்பாற்றுகிறது என்று தெரிந்தால் எதைப் பார்த்து வாங்குவது என்பது தானாகப் புரியும். வெளியே தெரியும் கெட்டியான ஓடு அடியைப் பரப்பிவிடும், கூரானது உள்ளே இறங்காமல் தடுக்கும். முக்கியமான வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் தெர்மாகோல். தலை மோதும்போது அது நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது திரும்ப எழும்பாது. அதனால் பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் மட்டும்தான் தெரிந்தாலும், மறுமுறை உதவாது. ரோட்டோரத்தில் இருநூறு முந்நூறுக்குக் கிடைக்கும் சட்டி போன்றவற்றைப் பிரித்துப் பார்த்தால் இந்தத் தெர்மாகோலே இருக்காது, இருந்தாலும் மெல்லிய பஞ்சுதான். கட்டட வேலைக்குப் போடும் மஞ்சள் தொப்பியும் இதற்கானது அல்ல.

ஹெல்மெட் கட்டாயம் என்பது போலீஸ் கண்டுபிடித்த விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. அரபு நாட்டு வரலாற்றில் அடிபடும் பெயரான லாரன்ஸ், 1935-இல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அவர் பிறகு ராணுவத்தில் பைக்கில் தபால் கொண்டுபோகும் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதன்பின் பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மருத்துவ அறிக்கை ஒன்று 2008-இல் சொன்ன கணக்கு: ஹெல்மெட் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் உயிரிழப்பு ஆபத்தை 42 சதவீதமும் குறைக்கிறது.

கடைக்குப் போனால் முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கக் கூடாது. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்றும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டுவது யாருக்கும் எளிது. ஆகவே போனில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியை இறக்கி அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். கம்பெனி பெயர் ஒத்துப்போக வேண்டும். சபராளிகள் கொண்டுவரும் ஹெல்மெட்டில் வேறு நாட்டு முத்திரைகள் இருக்கும். அதில் தரமானவையும் உண்டு. ஆனாலும் இங்கே சட்டம் கேட்பது ஐ.எஸ்.ஐ. தரம். தவிர, துபாய்க் கடையில் வேறொருவர் தலைக்குப் போட்டுப் பார்த்து வாங்கியது உங்கள் தலைக்கு எப்படிப் பொருந்தும்? ஹெல்மெட் அன்பளிப்பாகக் கொடுக்கும் பொருள் அல்ல. கொடுக்க நினைத்தால் பணமாகக் கொடுங்கள்.

இனி அளவு. தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, தலையின் பின்பக்கம் புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 58 சென்டிமீட்டர் என்றால் ஹெல்மெட்டில் 580 மி.மீ. என்று போட்டிருக்கும். எம், எல் என்ற எழுத்துகளை மட்டும் நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போட்டதும் கன்னத்தை நன்றாகப் பிடிக்க வேண்டும். வாரைப் பூட்டிவிட்டு ஹெல்மெட்டை இடம் வலமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். பின்பக்கம் கையை வைத்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்கானது அல்ல. பத்து நிமிடம் போட்டபடியே கடையில் நில்லுங்கள். கன்னத்தில் இறுக்கம் சில வாரங்களில் இளகிவிடும். நெற்றியில் ஒரே இடத்தில் குத்தி வலித்தால் அது இளகாது. வேறு மாடல் பாருங்கள், தலை வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. பெரிதாக இருந்தால் வசதி என்று ஒரு அளவு கூட்டி வாங்குவதுதான் நம்மிடம் அதிகம் நடக்கும் தவறு.

சகோதரிகள் கடைக்கு நேரில் போக வேண்டும். தினமும் போடும் அதே முக்காட்டோடு அளந்து பார்க்க வேண்டும். உள்ளே மெல்லிய பருத்தித் துணி நல்லது. ஜார்ஜெட், பட்டு வழுக்கும். ஊசி, கிளிப், உயர்த்திப் போட்ட கொண்டை மூன்றும் ஹெல்மெட்டுக்குள் கூடாது. அடிபட்டால் அவைதான் முதலில் தலையில் குத்தும். கொண்டையைக் கழுத்தோரம் இறக்கிக் கட்டலாம். உள் துணியைக் கட்டி, ஹெல்மெட் போட்டு, வாரைத் தாடையோடு பூட்டிய பிறகு மேல் துணியைத் தோளில் போட்டுக்கொண்டால் மறைப்பும் நழுவாது, வாரும் துணி மேல் தொங்காது. புர்காவின் ஓரம் சக்கரத்தில் சிக்காமல் ஒதுக்கி வைப்பதும் இதோடு சேர்ந்தது. ஆண்களுக்குச் சொல்ல ஒன்றுதான்: ஓரம் கெட்டியான தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலில் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன செய்தி நமக்கெல்லாம் தெரியும். ஹெல்மெட்டில் அந்தக் கயிறு தாடை வார்தான். பூட்டாத ஹெல்மெட் தலை தரையில் படுவதற்கு முன்பே பறந்துவிடும்.

பிள்ளைகள் விஷயம். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சட்டப்படி ஹெல்மெட் உண்டு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த விதி 2023 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. பெரியவர் ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில் கவிழ்ப்பது விதியை நிறைவேற்றியதாகாது. கழுத்து நிற்காத கைக்குழந்தையைப் பைக்கில் கொண்டுபோவதைத் தவிர்த்துவிடுங்கள், ஆட்டோ இருக்கிறது.

நம் கடலோரத்துக்கென்று சில சங்கதிகள். பாம்பன் பாலத்தில் காற்றுக் காலத்தில் பக்கவாட்டுக் காற்று தலையைப் பிடித்து இழுக்கும். முன்னால் நீண்ட சேட்டு வைத்த ஹெல்மெட்டும், தொளதொளவென்று இருப்பதும் அங்கே கழுத்தை முறிக்கும். தாடை வரை மூடிய முழு ஹெல்மெட்டே மேல். தனுஷ்கோடி ரோட்டிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மணல் கண்ணாடியில் படியும். அதை அப்படியே துணியால் துடைத்தால் கீறல் விழும், இரவில் எதிர் வண்டி வெளிச்சம் அதில் சிதறும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கறுப்புக் கண்ணாடி தராவீஹ் முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்கு ஆகாது. உப்புக் காற்றில் பூட்டும் ரிவிட்டும் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், தின்னர் கொண்டு ஓட்டைத் துடைக்க வேண்டாம். உள் துணி கழற்றக் கூடியதாக இருந்தால் ஷாம்பு போட்டு அலசி நிழலில் காயவையுங்கள். தேங்காய் எண்ணெய், வேர்வை, ஒளூ செய்த ஈரம் எல்லாம் சேர்ந்த வாடையில் பாதிப் பேர் ஹெல்மெட்டையே வெறுக்கிறார்கள்.

ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 1,000 ரூபாய். ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஏறக்குறைய அந்தத் தொகைக்கே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் கிடைக்கிறது. விலை கூடினால் காற்றோட்டமும் எடைக்குறைவும் கிடைக்கும். காப்பாற்றும் தரம் எல்லாவற்றுக்கும் ஒரே சோதனைதான். கையில் மூவாயிரம் இருந்தால் ஒருவருக்கு மூவாயிரத்தில் ஒன்று வாங்குவதைவிட, ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் பிள்ளைக்குமாக மூன்று வாங்குங்கள்.

அடிபட்ட, விரிசல் விட்ட பழைய ஹெல்மெட்டைத் தூக்கிப் போடும்போது வாரை அறுத்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் வேறொருவர் எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு போவார்.