ஓட்டத்தை ஆளும் வாயில்கள்

நீரும் வாயுவும் அமுக்கம் மிகுந்த இடத்தினின்றும் குறைந்த இடம் நோக்கிச் செல்லும் இயல்பின. அச்செலவைத் திறந்தும் அடைத்தும் குறைத்தும் ஆளும் உறுப்பே வால்வு எனப்படும். அதன் வகைகள் பலவாயினும், அதனை இயக்குவது யாது என்னும் வினாக்கொண்டு அவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஓட்டமே இயக்கும் வால்வு. துலாவும் பட்டையும் நீரிறைத்த யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் இன்று பம்பிகள் இறைக்கின்றன. பம்பியின் உறிஞ்சு குழாயடியில் உள்ள புட்வால்வின் மூடி மேல்நோக்கி மட்டுமே திறக்கும். பம்பி குழாயின் அமுக்கத்தைக் குறைக்க, கிணற்று நீரை அழுத்தும் வளிமண்டலம் நீரை மேலே தள்ளுகின்றது, மூடி திறக்கின்றது. பம்பி நின்றதும் மேலுள்ள நீரின் பாரமே மூடியை அடைக்கின்றது. மூடியின் கீழ் ஒரு சிறுகல் சிக்கினும் குழாய் வெறுமையாகும். பின்னர்ப் பம்பி காற்றையே உறிஞ்சும். துவிச்சக்கர வண்டியின் வால்விலும், துளையை மூடிய மெல்லிய இறப்பர்க் குழல், புகும் காற்றுக்கு விரிந்து, மீளும் காற்றுக்கு இறுகுகின்றது.

இரண்டாவது, இயந்திரம் இயக்கும் வால்வு. மோட்டார் வண்டியின் நான்கடிப்பு எஞ்சினில், சுழலும் தண்டின் புடைப்பு வால்வைத் திறக்கச் சுருள்வில் அதனை மூடும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலின், ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடும்.

மூன்றாவது, கை இயக்கும் வால்வு. தகட்டை உயர்த்தி வழியை நேரே விடும் வால்வு முழுதும் திறக்கவும் முழுதும் அடைக்கவுமே உகந்தது. பாதி திறந்து வைப்பின் தகடு அதிர்ந்து தேயும். நீரின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்க, வீட்டுக் குழாயிற்போல் திருகத் திருகத் தட்டு இறங்கும் அமைப்பே வேண்டும்.

குடாநாட்டின் கடனீரேரிகளுக்கும் இத்தகைய வாயில்கள் உள. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950களில் எழுந்த தடுப்பணைகள், மாரியில் மிகுந்த நீரைக் கடலுக்கு விடுதற்கும், கோடையில் உவர்நீர் புகாது காத்தற்கும் அமைந்தவை. கதவு பழுதுற்றால், கல் சிக்கிய புட்வால்வின் நிலையே அவற்றுக்கும் நேரும்.

ஆயின் நிலத்தடியில் அத்தகைய கதவு இல்லை. சுண்ணக்கல்லினுள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கைபென், ஹேர்ஸ்பேர்க் என்போர் கண்ட விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நிற்பின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேல்மட்டத்தைத் தாழ இறைப்போமாயின், கீழிருந்து உவர்நீர் எழும். அதனைத் தடுப்பது, பயிருக்கு வேண்டிய அளவு பாய்ந்ததும் பம்பியை நிறுத்தும் கமக்காரரின் கையே.